ஆறு வாரம் கிலோமீட்டர் எழுதினேன், பெட்ரோல் வாங்கினேன்

போன மாதம் ஒரு பழைய காம்பாக்ட் எஸ்யூவி வாங்கினேன். ஐந்து வருடம் ஆன பெட்ரோல் வண்டி, 48,000 கிலோமீட்டர் ஓடியது. அதே மாடலில், அதே வருடத்தில் வந்த டீசல் ஒன்றும் அதே வாரம் விற்பனைக்கு இருந்தது. அது 92,000 ஓடியிருந்தது. இரண்டையும் தலா இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். ஓட்டிவிட்டு இறங்கும்போது மனசு டீசல் பக்கம்தான் நின்றது. ஆனாலும் வாங்கியது பெட்ரோலை. "பழைய வண்டி வாங்கணும், பெட்ரோலா டீசலா?" என்று இந்த ஒரு மாதத்தில் நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். அவர்களிடம் போனில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் எங்கள் பழைய காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுவும் டீசல்தான், அதையும் இன்னொருவர் ஓட்டிய பிறகுதான் வாங்கினோம். வாங்கும்போது பார்த்தது மைலேஜ் ஒன்றை மட்டுமே. லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தரும் என்றார்கள், சரி என்று எடுத்துவிட்டோம். மகளைப் பள்ளியில் விட 3 கிலோமீட்டர், அங்கிருந்து என் அலுவலகம் 5 கிலோமீட்டர், சாயங்காலம் அப்பாவை பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக 2 கிலோமீட்டர். அந்த வண்டியின் வாழ்க்கை இவ்வளவுதான். பதினான்காவது மாதம் டாஷ்போர்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விளக்கு எரிந்தது. ஒரு குழாய், நடுவில் பெட்டி, பெட்டிக்குள் புள்ளிகள். அது எதைக் குறிக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. இரண்டு வாரம் அப்படியே ஓட்டினேன். அப்புறம் ஒரு நாள் ஏற்றத்தில் வண்டி இழுக்கவே இல்லை. எவ்வளவு மிதித்தாலும் 3,000 ஆர்பிஎம்மைத் தாண்ட மறுத்தது.

பட்டறையில் கருவியை மாட்டி, நின்ற இடத்திலேயே இன்ஜினை வேகமாக ஓடவிட்டு, புகையை வடிகட்டும் ஃபில்டரில் இருந்த கரியை எரித்துக் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் அதே விளக்கு. மறுபடியும் எரித்தார்கள். அடுத்த முறை போனபோது ஃபில்டரையே மாற்ற வேண்டும் என்றார்கள். மூன்று முறை போயிருக்கிறேன். ஒருவர்கூட "தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுறீங்க?" என்று கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் முதல் நாளே காரணம் தெரிந்திருக்கும். வண்டியில் பழுது எதுவும் இல்லை. நான் ஓட்டிய தூரம் அதற்குப் போதவில்லை.

ஏன் போதவில்லை என்பதைப் பிறகுதான் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காக அமுக்குகிறது. அந்த அமுக்கத்தில் காற்று பயங்கரமாகச் சூடேறும், அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். பெட்ரோல் இன்ஜின் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அமுக்கி, பிளக்கில் பொறி வைத்துக் கொளுத்துகிறது. டீசலுக்கு மைலேஜ் கூடுதலாக வர இந்த அமுக்கம் ஒரு காரணம். ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடச் சுமார் பத்து சதவீதம் கூடுதல் சக்தி அடங்கியிருப்பது இன்னொரு காரணம்.

ஆனால் டீசலும் காற்றும் முழுதாகக் கலப்பதற்குள் எரிந்துவிடுவதால் கரி உண்டாகிறது. அதைப் பிடித்துவைக்க சைலன்சர் பாதையில் இருப்பதுதான் டிபிஎஃப் என்கிற ஃபில்டர். 2000-ஆம் ஆண்டு பியூஜோ 607 காரில் இது தொழிற்சாலையிலிருந்தே பொருத்தப்பட்டு வந்தது. பிறகு மாசு விதிகள் இறுக இறுக எல்லா டீசல் கார்களுக்கும் வந்துவிட்டது. பிடித்த கரியை அது அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு ஃபில்டருக்குள் நல்ல சூடு வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகிற வண்டிக்கு இது பெரும்பாலும் போகிறபோக்கில் நடந்துவிடும். அப்படி நடக்காவிட்டால், இன்ஜினே கொஞ்சம் டீசலைக் கூடுதலாகப் பீய்ச்சி 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூட்டை உண்டாக்கும். இதைத்தான் ரீஜெனரேஷன் என்கிறார்கள். அதற்குப் பத்து முதல் இருபது நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். நானோ ஏழு நிமிடத்தில் பள்ளி வாசலில் சாவியைத் திருகி அணைத்துவிடுவேன். பாதியில் அணைந்த அடுப்பு மாதிரி, கரி அப்படியே இருக்கும். அடுத்த முறை மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி அணைப்பேன்.

இதில் இன்னொரு கேடும் இருக்கிறது. அந்தக் கூடுதல் டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து இன்ஜின் ஆயிலில் கலந்துவிடும். எங்கள் பழைய காரில் ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி இருக்கும். ஆயில் குறையவே இல்லையே, நல்ல இன்ஜின் என்று அப்போது நம்பினேன். டீசல் கலந்து நீர்த்துப்போன ஆயில் அது. பழைய டீசல் பார்க்கப் போகிறவர்கள் முதலில் உருவ வேண்டியது டிப்ஸ்டிக்கைத்தான். அளவு குறைந்திருந்தால் மட்டும் கவலை என்று நினைக்காதீர்கள். கூடியிருந்தாலும் அந்த வண்டி குறுகிய தூரங்களில் வாழ்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

அதனால் இந்த முறை வண்டி தேடும் முன்பே ஒரு நோட்டு போட்டேன். 40 பக்க நோட்டு. ஒவ்வொரு முறை வண்டியை எடுக்கும்போதும் தேதி, புறப்பட்ட நேரம், போன தூரம், வண்டியில் எத்தனை பேர் என்று நான்கே விஷயம். ஆறு வாரம், 42 நாள், விடாமல் எழுதினேன். கூட்டிப் பார்த்தபோது மொத்தம் 118 பயணம், 1,020 கிலோமீட்டர். அதில் 83 பயணங்கள் 6 கிலோமீட்டருக்குள். 27 பயணங்கள் 6-க்கும் 20-க்கும் இடையே. 20-க்கு மேல் போனது எட்டே எட்டு முறை, அதிலும் 110 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்வந்தது இரண்டு. வருடத்துக்குக் கணக்கிட்டால் சுமார் 9,000 கிலோமீட்டர்.

கேட்டிருந்தால் "வாரத்துக்கு ரெண்டு தடவையாவது நெடுஞ்சாலையில் போவேன்" என்று கூசாமல் சொல்லியிருப்பேன். நீண்ட பயணங்கள் நினைவில் நிற்கின்றன, பள்ளிக்கு விட்டுவந்த காலைகள் நிற்பதில்லை. நோட்டு இல்லாமல் நான் முடிவெடுத்திருந்தால் மறுபடியும் டீசல்தான் வாங்கியிருப்பேன். வண்டி பார்க்கப் போகும் யாருக்கும் நான் சொல்கிற முதல் யோசனை இதுதான்: ஆறு வாரம் முடியாவிட்டால் இரண்டு வாரமாவது எழுதுங்கள். வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் பார்த்தால் போதாது. ஒரு பயணம் எவ்வளவு நீளம் என்பதே டீசலுக்கு முக்கியம். ஒருவர் தினமும் 4 கிலோமீட்டராகப் பத்து முறை போய் வருடத்துக்கு 14,000 ஓட்டலாம், இன்னொருவர் வாரம் ஒருமுறை 270 கிலோமீட்டர் போய் அதே 14,000 ஓட்டலாம். இரண்டாமவருக்கு டீசல் பொருந்தும், முதலாமவர் அதைத் தொடவே கூடாது.

அடுத்தது செலவு. இங்கே எரிபொருள் விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் நான் பணத்தில் கணக்குப் போடவில்லை, லிட்டரில் போட்டேன். டீசல் வண்டிக்கும் பெட்ரோல் வண்டிக்கும் கேட்ட விலையில் இருந்த வித்தியாசத்தை ஒரு லிட்டர் எரிபொருளின் விலையால் வகுத்தேன். 700 லிட்டர் வந்தது. அதாவது, டீசல் வாங்கினால் 700 லிட்டரை முன்கூட்டியே கொடுத்துவிட்டேன் என்று பொருள். அதை எத்தனை வருடத்தில் திரும்ப எடுப்பேன்?

என் ஓட்டத்தில் பெட்ரோல் லிட்டருக்கு 13.5 தரும் என்று வைத்துக்கொண்டேன். டீசலுக்கு விளம்பரத்தில் வரும் எண்ணை எடுத்துக்கொள்ளவில்லை. பழைய காரில் 20 தரும் என்று சொல்லப்பட்டதே, என் கையில் அது 15.5-ஐத் தாண்டியதே கிடையாது. குறுகிய தூரத்தில் இன்ஜின் சூடேறும் முன்பே பயணம் முடிந்துவிடுகிறது, டீசல் இன்ஜின் சூடேற இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். ஆகவே 15.5. வருடத்துக்கு 9,000 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 667 லிட்டர், டீசல் 581 லிட்டர். மிச்சம் 86 லிட்டர். 700-ஐ எடுக்க எட்டு வருடம். அதற்குள் வண்டிக்கு பதின்மூன்று வயதாகிவிடும். இரண்டு எரிபொருளும் ஏறக்குறைய ஒரே விலையில் விற்கும்போது வரும் கணக்கு இது. டீசல் மலிவாக இருக்கும் இடத்தில் காலம் சுருங்கும், டீசல் விலை மிகவும் கூடிய இடத்தில் 700 லிட்டர் திரும்பவே வராது.

இதே கணக்கைத் தம்பிக்கும் போட்டேன். அவன் வேலைக்குப் போக ஒரு வழிக்கு 58 கிலோமீட்டர், முக்கால்வாசி நெடுஞ்சாலை. வருடத்துக்கு 30,000. அவன் ஓட்டத்தில் பெட்ரோல் 16, டீசல் 20.5 தரும். 1,875 லிட்டருக்குப் பதில் 1,463. மிச்சம் 412 லிட்டர். ஒன்றே முக்கால் வருடத்துக்குள் 700 லிட்டர் கைக்கு வந்துவிடும். ஒரே வண்டி, ஒரே விலை வித்தியாசம். எனக்கு எட்டு வருடம், அவனுக்கு இருபது மாதம்.

வண்டி பார்க்கப் போனபோது தம்பியையும் எனக்குப் பல வருடப் பழக்கமான ஒரு மெக்கானிக் அண்ணனையும் கூட்டிப்போனேன். டீசலை முதலில் பார்த்தோம். அவர் வண்டியில் ஏறவே இல்லை. நேராகப் போய் பானட் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"தங்கச்சி, சூடா இருக்கு. நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வெச்சிருக்காங்க. நாளைக்கு விடியக்காலைல வர்றோம், அதுவரைக்கும் சாவியைத் தொட வேண்டாம்னு சொல்லிடு."

விற்பவர் மனம் கோணாமல் ஒத்துக்கொண்டார். மறுநாள் காலை ஆறரைக்குப் போனோம். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த டீசல் இன்ஜின் எதையும் மறைக்காது. குளிர்ந்த இன்ஜினைச் சூடேற்றும் குளோ பிளக்கின் விளக்கு இரண்டு நொடியில் அணைந்தது, சாவியைத் திருகியதும் பிடித்துக்கொண்டது. அரை நிமிடம் கொஞ்சம் கரகரத்தது, அப்புறம் சீரானது. வெள்ளைப் புகை இல்லை. சூடேறிய பிறகு வேகமாக மிதித்துப் பார்த்தோம், கரும்புகையும் இல்லை. அண்ணன் ஒரு வெள்ளைத் துணியைச் சைலன்சர் முனைக்குள் விட்டுத் துடைத்துக் காட்டினார். லேசாகச் சாம்பல் நிறம், அவ்வளவுதான். ஃபில்டர் நல்ல நிலையில் இருக்கும் டீசலில் முனை இப்படித்தான் சுத்தமாக இருக்க வேண்டுமாம். கன்னங்கரேலென்று கரி ஒட்டினால் ஃபில்டர் உடைந்திருக்கிறது, இல்லையென்றால் யாரோ அதை உள்ளே வெட்டி எடுத்துவிட்டு வெறும் கூட்டை மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள். மாற்றும் செலவுக்குப் பயந்து அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. பின்னால் வருகிறவர்கள் மூக்கில் அந்தக் கரி முழுக்கப் போகும். அப்படிப்பட்ட வண்டியை இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

பிறகு அண்ணன் வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினார். பிழை எதுவும் காட்டவில்லை. அதோடு அவர் நிற்கவில்லை. விற்பதற்கு முதல் நாள் பிழைகளை அழித்துவிட்டு வருகிறவர்கள் இருப்பதால், வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் சோதனைகள் எல்லாம் முடிந்திருக்கின்றனவா என்று பார்த்தார். அழித்து ஒரு நாள்தான் ஆகியிருந்தால் அவை முடியாமல் நிற்கும். இங்கே எல்லாம் முடிந்திருந்தன. கடைசியாக ஃபில்டர் எரித்து 310 கிலோமீட்டர் ஆகியிருந்தது, அதற்கு முந்தையதும் இதே போன்ற இடைவெளியில் முழுதாக முடிந்திருந்தது. ஐம்பது அறுபது கிலோமீட்டருக்கு ஒருமுறை எரித்துக்கொண்டிருந்தால் ஃபில்டர் மூச்சுத் திணறுகிறது என்று புரிந்துகொள்ள வேண்டும்.

அதே திரையில்தான் எனக்கு அன்றைக்குப் பெரிய விஷயமாகப் பட்ட எண் இருந்தது. இன்ஜின் மொத்தம் ஓடிய மணி நேரம். டீசல் 1,600 மணி. மறுநாள் பெட்ரோலைப் பார்த்தபோது அதில் 2,000 மணி. வகுத்துப் பாருங்கள். 92,000 கிலோமீட்டர் ஓடிய டீசலின் சராசரி வேகம் மணிக்கு 57 கிலோமீட்டருக்கு மேல். 48,000 ஓடிய பெட்ரோலின் சராசரி 24. கிலோமீட்டரில் பாதிதான் ஓடிய வண்டியின் இன்ஜின் 400 மணி நேரம் அதிகமாக உழைத்திருக்கிறது. டீசல்காரர் மருந்து விற்பனைப் பிரதிநிதி, ஊருக்கு ஊர் நெடுஞ்சாலையில் போனவர். பெட்ரோல் வண்டி நெரிசலில் நின்று நின்று போனது. எல்லா வண்டியிலும் இந்த எண்ணைப் படிக்க முடியாது, ஆனால் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை. ஓடோமீட்டரை மட்டும் பார்த்து "இது கம்மியா ஓடியிருக்கு" என்று சொல்வதை நான் அன்றோடு விட்டுவிட்டேன்.

டீசலில் ஒரே ஒரு குறை கண்ணில் பட்டது. அணைக்கும்போது கியர்பாக்ஸ் பக்கமிருந்து கடகடவென்று சின்னச் சத்தம். டூயல் மாஸ் ஃப்ளைவீல் தேய ஆரம்பித்திருக்கிறது என்றார் அண்ணன். டீசலின் அதிர்வைத் தாங்க இரண்டு துண்டாகச் செய்து நடுவில் ஸ்பிரிங் வைத்த சக்கரம் அது. இன்னும் ஒரு வருடம் ஓடும், மாற்றும்போது கிளட்சையும் சேர்த்து மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். இது மாதிரி டீசலுக்கே உரிய பெரிய பாகங்கள் இன்னும் சில உண்டு. டீசலைப் பீய்ச்சும் இஞ்செக்டர்கள், உயர் அழுத்தப் பம்ப், காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ, புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடும்போது கரி படிந்து அடைத்துக்கொள்ளும் இஜிஆர் வால்வு. 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 மூலம் கார்களுக்கு வந்த காமன் ரெயில் முறைதான் (எல்லா இஞ்செக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் முறை) டீசலை இவ்வளவு அமைதியாக்கியது. ஆனால் இன்றைய வண்டிகளில் அதன் அழுத்தம் 2,000 பாரை, அதாவது காற்றழுத்தத்தைப் போலச் சுமார் 2,000 மடங்கை எட்டுகிறது. ஒரு துளி தண்ணீரோ தூசியோ டீசலில் கலந்திருந்தாலே இஞ்செக்டருக்கு ஆபத்து. டீசல் ஃபில்டரை எப்போது மாற்றினார்கள் என்று ரசீதோடு கேளுங்கள். ஆட்புளூ ஊற்றும் வண்டி என்றால் அதையும் கேளுங்கள். அது புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கப் பீய்ச்சும், 32.5 சதவீத யூரியா கலந்த நீர், கவனிக்காமல் விட்டால் உப்பு மாதிரி படிந்து ஊசியை அடைக்கும்.

ஓட்டிப் பார்த்ததைச் சொல்லாமல் விடக்கூடாது. டீசல் ஓட்டுவதற்கு அருமை. 1,750 ஆர்பிஎம்மிலேயே 250 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவை. மூன்றாவது கியரில் மேம்பாலம் ஏறும்போது மிதிக்கவே வேண்டியதில்லை, வண்டி தானாகத் தள்ளிக்கொண்டு போகிறது. பெட்ரோலில் 145 நியூட்டன் மீட்டர்தான், அதுவும் 4,000-க்கு மேல் போனால்தான் முழுதாகக் கிடைக்கும். அதே மேம்பாலத்தில் இரண்டாவது கியருக்கு இறக்க வேண்டியிருந்தது. தம்பி பின் சீட்டிலிருந்து, "அக்கா, இதுக்கு அப்புறமும் நீ பெட்ரோல் எடுப்பியா?" என்றான். நான் பையிலிருந்த நோட்டை அவனிடம் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, வண்டியில் எத்தனை பேர் என்ற பத்தியில் விரலை வைத்தான். 118-ல் 97 முறை ஒருவரோ இருவரோதான். ஐந்து பேரோடு மலைப்பாதை ஏறுவதை மனதில் வைத்து வண்டி வாங்கப் பார்த்தேன். ஆறு வாரத்தில் அப்படி ஒரு நாள்கூட அமையவில்லை.

பெட்ரோல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று நான் சொல்லவில்லை. இப்போது காம்பாக்ட் எஸ்யூவிகளில் வரும் பெட்ரோல் இன்ஜின்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று டர்போ வைத்து, பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் சின்ன இன்ஜின். ஓட்ட டீசல் மாதிரியே இழுவை இருக்கும். ஆனால் வால்வுகளின் பின்புறத்தைக் கழுவிவிட அந்த வழியாகப் பெட்ரோல் வராததால் அங்கே கரி படியும். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் டர்போவும் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் செயினும் அடிவாங்கும். இன்னொன்று டர்போ இல்லாத, வால்வுக்கு முன்பே பெட்ரோலைத் தெளிக்கும் பழைய பாணி இன்ஜின். இழுவை குறைவு, ஆனால் உடைய அதில் அதிகம் எதுவும் இல்லை. பழைய வண்டியாக வாங்கும்போது, என்னைப் போல ஓட்டுகிறவர்களுக்கு, இந்த இரண்டாவது வகையே நிம்மதி என்பது என் கருத்து. நான் எடுத்தது அந்த வகை, 1.5 லிட்டர். நான்கு சிலிண்டரிலும் அமுக்கம் அளந்தோம், நான்கும் 12 பாருக்கு அருகே ஒன்றுபோல நின்றன. கூலன்ட் தொட்டியில் எண்ணெய்ப் படலம் இல்லை. பிளக்குக்கு மின்சாரம் தரும் ஒரு இக்னிஷன் காயில் பலவீனமாக இருந்தது, விலையில் அதைக் கழித்துக்கொண்டார்கள். நெரிசலில் ஓடிய 2,000 மணி நேரத்தின் தடம் கிளட்சில் தெரிந்தது, பெடல் நன்றாக மேலே வந்த பிறகே பிடித்தது. அதற்கும் ஒரு தொகை குறைத்தோம்.

என் முடிவில் மூச்சுக்கும் ஒரு பங்கு உண்டு. மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் இருக்கிறது. 2012-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் தொகுதியில் சேர்த்தது. 2015-ல் ஃபோக்ஸ்வாகன் விவகாரம் வெளியானபோது, சோதனைக்கூடத்தில் மட்டும் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைத்துக் காட்டும் மென்பொருள் உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்களில் இருந்தது தெரியவந்தது. நல்ல ஃபில்டர் உள்ள புதிய டீசல் அந்தப் பழைய டீசல்களைவிட எவ்வளவோ சுத்தம், அதையும் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஃபில்டரைப் பாழாக்குகிற விதத்தில் ஓட்டப்போகிறவள் நான். கார்பன் டை ஆக்சைடு கணக்கிலும் எனக்கு டீசலால் லாபம் இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ, டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ. என் மைலேஜில் வகுத்தால் கிலோமீட்டருக்கு இரண்டுமே 170 கிராம் சொச்சம். தம்பி ஓட்டத்தில் பெட்ரோல் 144, டீசல் 132. அவன் கையில் டீசல் உண்மையிலேயே குறைவாகப் புகைக்கிறது.

மறுவிற்பனையையும் யோசித்தேன். சில பெருநகரங்கள் டீசலுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு வருகின்றன. லண்டனில் 2019-ல் வந்த புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் கட்டணமில்லாமல் நுழைய பெட்ரோல் கார் யூரோ 4 என்ற மாசுத் தரத்தில் இருந்தால் போதும், டீசல் கார் அதைவிடக் கடுமையான யூரோ 6 தரத்தில் இருக்க வேண்டும். வண்டியை வாங்கும் முன், அதன் மாசுத் தரம் எது, நீங்கள் போகும் ஊர்களின் விதி என்ன என்று பார்த்துவிடுங்கள்.

அந்த டீசல் என்ன ஆனது என்று கேட்பீர்கள். தம்பி வாங்கிக்கொண்டான். மேம்பாலத்திலேயே மனசுக்குள் முடிவெடுத்துவிட்டான் என்று பிறகு சொன்னான். ஃப்ளைவீலையும் கிளட்சையும் காட்டி விலையைக் குறைத்து, வாங்கிய மறுவாரமே இரண்டையும் மாற்றிவிட்டான். ஆயிலை, டிபிஎஃப்புக்கு ஏற்ற சாம்பல் குறைந்த ரகமாகப் பார்த்து ஊற்றினான். அவன் வீட்டில் இன்னொரு வண்டி பெட்ரோல். பெட்ரோல் பம்பின் குழல் முனை டீசல் முனையைவிடச் சின்னது, டீசல் டேங்க் வாயில் சுலபமாக நுழைந்துவிடும். டீசல் பம்பும் இஞ்செக்டரும் டீசலின் வழவழப்பை நம்பித்தான் தேயாமல் ஓடுகின்றன, பெட்ரோலில் அது கிடையாது. தவறி ஊற்றிவிட்டால் சாவியைத் தொடவே கூடாது, வண்டியைத் தள்ளிப்போய் டேங்கைக் காலி செய்ய வேண்டும். அதற்காக மூடியின் உட்பக்கம் மஞ்சள் நிறத்தில் "டீசல்" என்று கொட்டை எழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறான்.

என் வண்டி இந்த ஒரு மாதத்தில் 760 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முதல் டேங்குக்கு 13.1, இரண்டாவதுக்கு 13.8. அம்மா வீட்டுக்குப் போன அன்று ஏற்றத்தில் ஒரு லாரியை முந்த இரண்டு கியர் இறக்கினேன், அந்த இடத்தில் டீசலை நினைத்துக்கொண்டது உண்மை. மறுநாள் காலை ஏழரைக்கு மகளைப் பள்ளியில் விட்டு, ஏழு நிமிடத்தில் அணைத்து, நோட்டில் 3 கிலோமீட்டர் என்று எழுதினேன்.